சலாமிஸ் கடற்போர்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை உலக வரலாறு பேசுகிறேன். சலாமிஸ் பற்றிப் பேசும் நாளில் மட்டும் கூட்டம் முடிந்த பிறகும் ஆட்கள் எழுந்து போக மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே எழுதிப் பதிலும் தந்திருக்கிறேன். போர்க்கால ஆண்டுகள் எல்லாம் கி.மு. கணக்கு, எண் குறையக் குறையக் காலம் நம் பக்கம் நகர்கிறது.

சலாமிஸ் என்பது ஊரா, ஆளா? அங்கே என்னதான் நடந்தது?

அது ஒரு தீவு. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு மேற்கே, கரையை ஒட்டிக் கிடக்கிறது. தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள நீரிணையின் அகலம் குறுகலான இடங்களில் ஓரிரு கிலோமீட்டர்தான். 480 செப்டம்பர் கடைசியில், பாரசீகப் பேரரசர் செர்க்சஸின் கடற்படையும் கிரேக்க நகர அரசுகளின் கூட்டுக் கடற்படையும் அந்தச் சந்துக்குள் மோதின. கிரேக்கர்கள் வென்றார்கள். அந்தப் போரை அங்கே நடக்க வைத்தவர் தெமிஸ்டோக்ளிஸ் என்ற ஏதென்ஸ்காரர்.

‘கிரேக்கர்கள்’ என்றதும் ஒரே நாடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நகர அரசுகள் இருந்தன. வெற்றிக்குப் பிறகு டெல்பி கோயிலில் காணிக்கையாக நிறுத்திய வெண்கலப் பாம்புத் தூணில், எதிர்த்து நின்ற அரசுகள் என்று 31 பெயர்கள்தான் பொறித்திருக்கின்றன. மற்றவை ஒதுங்கிக்கொண்டன, அல்லது பாரசீகர் பக்கம் போய்விட்டன. அந்தத் தூணின் ஒரு பகுதி இன்றும் இஸ்தான்புல்லில் நிற்கிறது.

அவ்வளவு தூரத்தில் இருந்த கிரேக்கர்கள் மேல் பாரசீகர்களுக்கு என்ன பகை?

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த அயோனிய கிரேக்க நகரங்கள் பாரசீக ஆட்சிக்குக் கீழே இருந்தன. 499இல் அவை கிளர்ந்தபோது ஏதென்ஸ் 20 கப்பல்களையும் எரெட்ரியா என்ற இன்னொரு கிரேக்க நகரம் 5 கப்பல்களையும் அனுப்பின. கிளர்ச்சிக்காரர்கள் பாரசீக ஆளுநரின் தலைநகரமான சார்டிஸைக் கொளுத்தினார்கள். பேரரசர் டேரியஸ் கிளர்ச்சியை 493க்குள் அடக்கிவிட்டு, 490இல் கிரீஸுக்குப் படை அனுப்பினார். எரெட்ரியா அழிந்தது. ஆனால் அந்தப் படை மாரத்தானில் ஏதென்ஸிடம் தோற்றுத் திரும்பியது. 486இல் டேரியஸ் இறந்ததும் மகன் செர்க்சஸ் வேலையைக் கையில் எடுத்தார்.

தண்டனை என்பது ஒரு காரணம்தான். எல்லைக்கு அப்பால் இருந்துகொண்டு தன் குடிமக்களைத் தூண்டிவிடும் நகரங்களை எந்தப் பேரரசும் சும்மா விடாது. செர்க்சஸின் ஏற்பாட்டைப் பாருங்கள்: ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பாண்ட் நீரிணையின் குறுக்கே கப்பல்களை வரிசையாகக் கட்டி இரண்டு பாலங்கள், ஆதோஸ் முனையில் கால்வாய், வழிநெடுக முன்கூட்டியே தானியக் கிடங்குகள். தங்கி ஆள வந்த படை அது.

மாரத்தான் ஓட்டம் ஓடினாரே, அந்தக் கதை இதில்தானே வருகிறது?

இல்லை, அது பத்து ஆண்டு முன்னால், மேலே சொன்ன 490 போரோடு சேர்ந்த கதை. ஆனால் அந்தப் போரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாரத்தானில் வென்றவர்கள் சொந்தக் காசில் கவசமும் கேடயமும் வாங்க வசதி இருந்த குடிமக்கள். சலாமிஸில் வென்றவர்கள் வேறு ஆட்கள். அதைத் துடுப்புக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

300 பேர் தெர்மோபிலேயில் தடுத்து நிறுத்திவிட்டார்களே, அப்புறம் எதற்குக் கடற்போர்?

தெர்மோபிலே என்பது மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த குறுகலான கணவாய். அங்கே தடுத்தார்கள், ஆனால் மூன்று நாள்தான். ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸும் அவருடைய 300 பேரும் மட்டும் அங்கே இல்லை. பல ஊர்களிலிருந்து சில ஆயிரம் பேர் இருந்தார்கள். கடைசி நாளில் தெஸ்பியே ஊர்க்காரர்கள் 700 பேரும் கூடவே நின்று செத்தார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில் இல்லாதது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

அதே மூன்று நாட்கள், பக்கத்திலேயே யூபோயா தீவின் வடமுனையில் ஆர்ட்டிமீசியம் என்ற இடத்தில் 271 கிரேக்கக் கப்பல்கள் பாரசீகக் கடற்படையோடு மோதிக்கொண்டிருந்தன. கணவாயும் கடலும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதி. கடல் வழி திறந்துவிட்டால் பாரசீகர்கள் கணவாய்க்குப் பின்னால் ஆட்களை இறக்கிவிடுவார்கள். கணவாய் விழுந்த செய்தி வந்ததும் கப்பல்களும் பின்வாங்கின. அதன் பிறகு ஏதென்ஸுக்கும் செர்க்சஸுக்கும் நடுவே தடை எதுவும் இல்லை.

ஏதென்ஸுக்கு அத்தனை கப்பல் எங்கிருந்து வந்தது?

வெள்ளியிலிருந்து. 483 வாக்கில் ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியம் சுரங்கத்தில் வளமான ஒரு புதிய வெள்ளிப் படிவம் கிடைத்தது. அரசுப் பணம் என்றால் குடிமக்களின் பணம். ஆளுக்குப் பத்து திராக்மா (ஏதென்ஸின் வெள்ளி நாணயம்) பங்கு போட்டுக்கொள்வோம் என்பதுதான் முன்மொழிவு. தெமிஸ்டோக்ளிஸ் எழுந்து, பங்கு வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார். பாரசீகப் படையெடுப்பை அவர் காரணமாகக் காட்டவில்லை. அது யாருக்கும் உறைக்காத தொலைவில் இருந்தது. எதிரே கண்ணுக்குத் தெரியும் ஏஜினா தீவோடு ஏதென்ஸுக்கு நடந்துகொண்டிருந்த சண்டையைக் காட்டினார். மக்கள் சரி என்றார்கள்.

கையில் வரவிருந்த காசை வேண்டாம் என்று வாக்களித்த அந்த ஏழை ஏதென்ஸ்காரனை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். பத்து திராக்மா அவனுக்குச் சின்னத் தொகை இல்லை. 200 கப்பல்கள் என்கிறார், இந்தப் போரின் வரலாற்றை எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ். சலாமிஸ் சமயத்தில் ஏதென்ஸ் 180 கப்பல்களைத் தானே செலுத்தியது, 20ஐக் கால்கிஸ் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்திருந்தது. கணக்கு சரியாக வருகிறது. அந்த வெள்ளியைச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து வெட்டி எடுத்தவர்கள் அடிமைகள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது.

இந்தத் திட்டத்தை யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்ப்பு இருந்தது. நேர்மைக்குப் பேர்போன அரிஸ்டைடிஸ், தெமிஸ்டோக்ளிஸின் முக்கிய எதிரி. ஏதென்ஸில் ஒரு வழக்கம் உண்டு: உடைந்த பானை ஓட்டில் ஒருவர் பெயரைக் கீறி வாக்குப் போடுவார்கள், அதிக ஓடு விழுந்தவர் பத்து ஆண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது, தண்டனையும் கிடையாது. 482இல் அப்படி அரிஸ்டைடிஸ் வெளியேற்றப்பட்டார். அக்ரோபொலிஸ் குன்றின் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாம் ஒரு சில கைகளின் எழுத்து. அதாவது முன்னாலேயே எழுதி வைத்து விநியோகிக்க இருந்தவை. அவரை அனுப்பிவிடவும் ஒரு கூட்டம் மெனக்கெட்டிருக்கிறது.

படையெடுப்பு வந்ததும் வெளியேற்றப்பட்டவர்களை எல்லாம் ஏதென்ஸ் திரும்ப அழைத்தது. அரிஸ்டைடிஸ் மறுபடி கதைக்குள் வருவார்.

துடுப்பு வலித்தவர்கள் அடிமைகள்தானே? சங்கிலியில் கட்டிச் சவுக்கால் அடிப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பதில்: இல்லை. அந்தக் காட்சி இதற்கு இரண்டாயிரம் ஆண்டு பிந்திய மத்தியதரைக் கடல் கப்பல்களுடையது. சலாமிஸில் ஏதென்ஸ் கப்பல்களை வலித்தவர்களில் பெரும்பாலோர் சுதந்திரக் குடிமக்கள். கவசம் வாங்க வழியில்லாத கடைசி வகுப்பினர். கூலியாட்கள், மீன்பிடிப்பவர்கள், சிறு கைவினைஞர்கள். மாரத்தானில் இவர்களுக்கு இடம் இல்லை, ஏனென்றால் ஈட்டிப் படைக்குச் சொந்தக் கவசம் வேண்டும். துடுப்புக்கு முதுகும் கையும் இருந்தால் போதும்.

டிரைரீம் என்ற அந்தக் கப்பலில் மூன்று அடுக்காக 170 பேர் உட்கார்ந்து வலிப்பார்கள். மேல் அடுக்கில் 62, நடுவிலும் கீழேயும் 54, 54. வீரர்கள், வில்லாளிகள், சுக்கான் பிடிப்பவர், தாளத்துக்குக் குழல் ஊதுபவர் எல்லாம் சேர்த்து 200 பேர். நீளம் சுமார் 37 மீட்டர், அகலம் ஆறு மீட்டருக்குள். அணியத்தில், நீர்மட்டத்தில், வெண்கல மூக்கு. கப்பலே ஆயுதம்: வேகமாகப் போய் எதிரியின் விலாவில் குத்தி ஓட்டை போட்டுவிட்டு, அவன் ஒட்டிக்கொள்வதற்குள் பின்னோக்கி வலித்து விலக வேண்டும். கீழ் அடுக்கில் இருப்பவருக்குக் கடல் கண்ணில் படாது. வெப்பமும் மேலே இருப்பவர்களின் வியர்வையும்தான். காதில் விழும் தாளத்தை நம்பி 170 பேரும் ஒரே உடம்பாக வலிக்க வேண்டும். ஒருவர் தப்பினால் துடுப்புகள் சிக்கிக்கொள்ளும். 1987இல் கிரீஸில் ‘ஒலிம்பியாஸ்’ என்ற மாதிரிக் கப்பலைக் கட்டித் தன்னார்வலர்களை வைத்து ஓட்டிப் பார்த்தபோது இந்த ஒத்திசைவு எவ்வளவு கடினம் என்பது புரிந்தது. சவுக்கு வைத்து இதை வாங்க முடியாது.

கப்பலில் பாதி ஏதென்ஸுடையது. தலைமை மட்டும் ஏன் ஸ்பார்ட்டாவுக்கு?

மற்ற நகரங்கள் ஏதென்ஸின் கீழ் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டன. தலைமை ஏதென்ஸுக்கு என்றால் கூட்டணியே உடைந்திருக்கும். அதனால் கடற்படையே இல்லாத ஊர் என்று சொல்லும்படி 16 கப்பல் மட்டும் கொண்டுவந்த ஸ்பார்ட்டாவின் யூரிபியாடிஸ் தளபதியானார். 180 கப்பல் கொண்டுவந்த ஏதென்ஸ் ஒதுங்கிக்கொண்டது.

தெமிஸ்டோக்ளிஸிடம் எனக்குப் பெரிதாகத் தெரியும் குணம் இங்கேதான் இருக்கிறது. பதவியை விட்டுக்கொடுத்துவிட்டு, முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். கட்டளையிட அதிகாரம் இல்லாத ஒருவர், பேசிப் பேசியே 380 கப்பல்களை ஒரு இடத்தில் நிறுத்தி வைத்தார்.

‘மரச்சுவர் காக்கும்’ என்று குறி சொன்னார்களாமே?

ஆமாம். டெல்பி கோயிலில் ஏதென்ஸ் குறி கேட்டது. முதல் வாக்கு ‘ஓடிப்போங்கள்’ என்ற அளவுக்குப் பயங்கரமாக இருந்தது. கெஞ்சி மறுபடி கேட்டபோது, மரச்சுவர் மட்டும் அழியாமல் நிற்கும் என்றும், தெய்வீக சலாமிஸ் தாய்மார் பெற்ற பிள்ளைகளை அழிக்கும் என்றும் வந்தது. அக்ரோபொலிஸைச் சுற்றி முன்பு இருந்த முள்வேலிதான் மரச்சுவர் என்றார்கள் சில பெரியவர்கள். மரச்சுவர் என்றால் கப்பல் என்றார் தெமிஸ்டோக்ளிஸ். நாம் அழிவதாக இருந்தால் ‘கொடிய சலாமிஸ்’ என்றல்லவா வந்திருக்கும், ‘தெய்வீக’ என்பதால் அழிபவன் எதிரி என்றும் வாதாடினார். சபை அவர் பக்கம் சாய்ந்தது.

ஊரையே காலி செய்துவிட்டுப் போனது நிஜமா?

நிஜம். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ட்ரோய்சன், ஏஜினா, சலாமிஸ் ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தெமிஸ்டோக்ளிஸின் தீர்மானம் என்று சொல்லும் ஒரு கல்வெட்டு ட்ரோய்சனில் கிடைத்து, கி.பி. 1960இல் வெளியானது. எழுத்து போருக்கு இருநூறு ஆண்டு பிந்தியது. அதனால் மூலத்தின் வார்த்தைகள் அதில் எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ட்ரோய்சன் மக்கள் வந்த அகதிகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஒபோல் (சில்லறைக் காசு) உதவித்தொகை தந்தார்கள், குழந்தைகள் எந்தத் தோட்டத்திலும் பழம் பறித்துக்கொள்ளலாம் என்றார்கள், அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் சம்பளமும் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார், பல நூற்றாண்டு பிந்திய வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க். விட்டுவிட்டு வந்த நாய்கள் கரையோரம் ஊளையிட்டு ஓடினவாம். பின்னாளில் ஏதென்ஸின் பெரிய தலைவரான பெரிக்ளிஸின் தகப்பனார் சாந்திப்பஸுடைய நாய் கப்பல் கூடவே நீந்தி, சலாமிஸ் கரை ஏறியதும் உயிர்விட்டது என்பது அவர் சொல்லும் இன்னொரு கதை. ஏதென்ஸில் தங்கியவர்கள் முள்வேலிக்குப் பதில் மரப் பலகைகளை அக்ரோபொலிஸில் அடுக்கிக்கொண்டு போராடிச் செத்தார்கள். கோயில்கள் எரிந்த புகை சலாமிஸிலிருந்து தெரிந்திருக்கும்.

தெமிஸ்டோக்ளிஸ் எதிரிக்கு ரகசியச் செய்தி அனுப்பினாராமே. அது துரோகம் இல்லையா?

முதலில் நிலைமையைப் பாருங்கள். ஏதென்ஸ் எரிந்ததும், ஸ்பார்ட்டா இருக்கும் தென் தீபகற்பமான பெலொப்பொனீஸ் ஊர்க்காரர்கள் தெற்கே கொரிந்து நிலச்சந்திக்குப் போய் அங்கே சுவர் கட்டித் தற்காத்துக்கொள்ளலாம் என்றார்கள். விரிந்த கடலில் எண்ணிக்கையே வெல்லும், குறுகலில்தான் நமக்கு வழி என்பது தெமிஸ்டோக்ளிஸின் வாதம். கொரிந்துத் தளபதி அடிமாந்தஸ், ‘போட்டியில் முந்திக் கிளம்புகிறவனுக்கு அடி விழும்’ என்றபோது, ‘பின்தங்கியவனுக்கு மாலை விழாது’ என்றார். நீங்கள் கிளம்பினால் ஏதென்ஸ்காரர்கள் குடும்பத்தோடு இத்தாலியில் சிரிஸுக்குக் குடிபெயர்ந்துவிடுவோம் என்று மிரட்டியும் பார்த்தார். அதுவும் தாங்காது என்று தெரிந்த இரவில்தான் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அடிமை சிக்கினஸைப் படகில் பாரசீகரிடம் அனுப்பினார். செய்தி: ‘கிரேக்கர்கள் பயந்து ஓடப் பார்க்கிறார்கள். வழியை அடைத்தால் பிடித்துவிடலாம்.’

அதில் பொய் என்று பார்த்தால் ஒன்றுதான்: தெமிஸ்டோக்ளிஸ் அரசரின் நலம்விரும்பி என்பது. மீதி உண்மை என்பதால்தான் அவர்கள் நம்பினார்கள். பாரசீகக் கப்பல்கள் இரவிலேயே நீரிணையின் வாய்களை அடைத்தன. ஏஜினாவிலிருந்து தப்பி வந்து, ‘சுற்றி வளைத்துவிட்டார்கள், நானே பார்த்தேன்’ என்று முதலில் சொன்னவர் அரிஸ்டைடிஸ். பழைய எதிரியை வெளியே அழைத்து, இது என் ஏற்பாடுதான், நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், நீ போய்ச் சொல் என்றார் தெமிஸ்டோக்ளிஸ். அரிஸ்டைடிஸ் சொன்னார். துரோகமா என்றால், கூட்டாளிகளின் விருப்பத்தை அவர் மீறினார் என்பது உண்மை. எதிரிக்கு நன்மை செய்யவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சிக்கினஸுக்குப் பின்னாளில் தெஸ்பியேயில் குடியுரிமையும் பணமும் கிடைத்தன.

குறைந்த கப்பலை வைத்துக்கொண்டு எப்படி ஜெயித்தார்கள்?

பாரசீகத் துடுப்புக்காரர்கள் இரவு முழுவதும் தூங்காமல் வலித்துக் காவல் காத்தார்கள். கிரேக்கர்கள் கரையில் இருந்தார்கள். விடிந்ததும் அய்கலியோஸ் மலைச்சரிவில் செர்க்சஸ் இருக்கை போட்டு உட்கார்ந்தார். நன்றாகச் சண்டை போடும் தலைவனின் பெயரை எழுத்தர்கள் குறித்துக்கொண்டார்கள். கிரேக்கர்கள் போர்ப்பாட்டு பாடிக்கொண்டு முன்னே வந்து, பின் கொஞ்சம் பின்வலித்தார்கள். எதிரி உள்ளே வந்தான். குறுகலில் வரிசை நெருங்கியது. முன்வரிசை அடிபட்டுத் திரும்பப் பார்க்க, அரசர் கண்ணில் பட வேண்டும் என்று பின்வரிசை முன்னே முண்டியது. தங்கள் கப்பல்களே தங்கள் துடுப்புகளை முறித்தன. விலா காட்டி நின்ற கப்பல்களை வெண்கல மூக்குகள் குத்தின.

அரசரின் சகோதரர் அரியபிக்னிஸ் இறந்தார். பாரசீகர் பக்கம் பலருக்கு நீச்சல் தெரியாது. ப்சித்தாலியா என்ற குட்டித் தீவில் இறக்கி வைத்திருந்த பாரசீக வீரர்களை அரிஸ்டைடிஸ் படையோடு போய் முடித்தார். கிரேக்கர் இழந்தவை 40, பாரசீகர் இழந்தவை 200க்கு மேல் என்பது பிற்கால வரலாற்றாசிரியர் டியோடோரஸ் தரும் கணக்கு.

பாரசீகக் கப்பல் 1207 என்கிறார்களே, நம்பலாமா?

அந்த எண் ஹெரோடோட்டஸிடம் இருக்கிறது. போர் நடந்து எட்டே ஆண்டில் எஸ்கிலஸ் மேடையேற்றிய நாடகத்திலும் இருக்கிறது. படையெடுப்பு தொடங்கியபோதைய கணக்காக எடுத்துக்கொண்டாலும் ஆர்ட்டிமீசியத்துக்கு முன்னால் வந்த புயல்களில் நிறையக் கப்பல்கள் போய்விட்டன. சலாமிஸில் நின்றவை அதைவிட நிச்சயம் குறைவு, கிரேக்கர்களைவிட அதிகம். தரைப்படை, கடற்படை, பணியாட்கள் எல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல் என்று ஹெரோடோட்டஸ் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அத்தனை பேருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்திருக்காது.

ஆர்ட்டிமீசியம், ஆர்ட்டிமீசியா: ரெண்டும் ஒண்ணா?

இல்லை. முதலாவது மேலே சொன்ன இடம். இரண்டாவது ஹாலிகர்னாசஸ் நகரத்து அரசி. கிரேக்கப் பெண், ஆனால் செர்க்சஸ் பக்கம் ஐந்து கப்பலோடு வந்தவர். சலாமிஸில் சண்டை போடாதீர்கள், காத்திருங்கள், அவர்கள் தானே பிரிந்து போவார்கள் என்று சொன்ன ஒரே தலைவர் அவர்தான். போர் தோற்கும் நேரத்தில் ஓர் ஏதென்ஸ் கப்பல் துரத்த, அவர் தன் பக்கத்துக் கப்பல் ஒன்றையே இடித்து மூழ்கடித்தார். துரத்தியவர் இவர் நம்மவர் என்று நினைத்துத் திரும்பிவிட்டார். மலையிலிருந்து பார்த்த செர்க்சஸ் அவர் எதிரிக் கப்பலை மூழ்கடித்ததாக நினைத்து, ‘என் ஆண்கள் பெண்களாகிவிட்டார்கள், பெண்கள் ஆண்களாகிவிட்டார்கள்’ என்றாராம். இதைப் பதிவு செய்த ஹெரோடோட்டஸும் அதே ஊரில் பிறந்தவர்.

நம் சங்கப் பாடல்களில் வரும் யவனர் இவர்கள்தானா?

சொல் அங்கிருந்துதான் வருகிறது. அயோனியர்களைப் பாரசீகர்கள் ‘யௌனா’ என்றார்கள். கிழக்கே வர வர அது யவனர் ஆனது. ஆனால் பொன்னைக் கொண்டுவந்து முசிறியில் மிளகு ஏற்றிப்போன யவனர்கள் இந்தப் போருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு பிந்தியவர்கள், ரோமப் பேரரசுக் காலத்து வணிகர்கள். செர்க்சஸ் படையில் பருத்தி உடை உடுத்த இந்தியர்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் சொல்வது சிந்து நதிப் பக்கத்து மக்களை.

தெமிஸ்டோக்ளிஸ் லஞ்சம் வாங்கியவர் என்றும் எழுதியிருக்கிறார்களே?

ஆர்ட்டிமீசியத்தில் கடற்படை பின்வாங்காமல் இருக்க யூபோயா மக்கள் 30 தாலந்து (வெள்ளியின் பெரிய எடை அளவு) கொடுத்தார்கள். அதில் 5ஐ யூரிபியாடிஸுக்கும் 3ஐ அடிமாந்தஸுக்கும் கொடுத்துவிட்டு மீதியைத் தெமிஸ்டோக்ளிஸ் வைத்துக்கொண்டார் என்கிறார் ஹெரோடோட்டஸ். பணத்தாசை அவருக்கு இருந்தது என்பதைப் பழைய ஆசிரியர்கள் பலரும் சொல்கிறார்கள். நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஹெரோடோட்டஸ் எழுதிய காலத்தில் தெமிஸ்டோக்ளிஸ் நாடுகடந்து இறந்துபோயிருந்தார். அவருடைய எதிரிகளின் குடும்பங்கள் ஏதென்ஸில் செல்வாக்கோடு இருந்தன. அந்தக் கதைகள் யார் வாயிலிருந்து வந்தன என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியில் பாரசீக அரசரிடமே போய்ச் சேர்ந்தாராமே, அது எப்படி?

இதைக் கேட்கும்போது எல்லோர் முகமும் வாடும். போர் முடிந்ததும் ஸ்பார்ட்டா அவருக்கு ஆலிவ் மாலையும் தேரும் கொடுத்து, 300 வீரர்களை எல்லை வரை வழியனுப்ப வைத்தது. சில ஆண்டுகளில், மேலே சொன்ன அதே பானை ஓடு அவரையும் ஊரைவிட்டு அனுப்பியது. ஆர்கோஸில் இருந்தபோது பாரசீகருடன் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு வந்தது. கொர்க்கிரா, எப்பிரஸ் என்று ஓடி, கடைசியில் ஆசியாவுக்கு. செர்க்சஸின் மகன் அர்த்தசெர்க்சஸிடம், உன் தகப்பனுக்கு நான் கேடும் செய்தேன், அவர் திரும்பிப்போக வேண்டிய ஹெலஸ்பாண்ட் பாலங்களை கிரேக்கர்கள் அறுக்காமல் தடுத்து நன்மையும் செய்தேன் என்று எழுதினார். ஓராண்டு அவகாசம் கேட்டுப் பாரசீக மொழியைக் கற்றுக்கொண்டு அவை முன் போனார். மக்னீசியா நகரம் அவருக்குக் கிடைத்தது. அங்கேயே நோயால் இறந்தார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். ஏதென்ஸை எதிர்த்துப் படை நடத்தச் சொன்னதால் நஞ்சு குடித்தார் என்பது மக்கள் சொன்ன கதை.

சலாமிஸில் தோற்றிருந்தால் மேற்கு நாகரிகமே இருந்திருக்காது என்பது சரியா?

அவ்வளவு தூரம் போக மாட்டேன். பாரசீகர்கள் தங்களுக்குக் கீழ் வந்த மக்களின் மொழியையும் கோயில்களையும் பொதுவாக விட்டுவைத்தவர்கள். தத்துவம் தொடங்கிய மிலேட்டஸே அவர்களுடைய ஆட்சியில் இருந்த ஊர்தான். போரும் சலாமிஸோடு முடியவில்லை: செர்க்சஸ் திரும்பிப் போக, அவருடைய தளபதி மர்டோனியஸ் படையோடு தங்கி ஏதென்ஸை இரண்டாம் முறை அழித்தார். 479இல் பிளாட்டியாவில்தான் தரைப்படை தோற்றது.

ஆனால் ஏதென்ஸின் ஏழைகளுக்கு அது எல்லாவற்றையும் மாற்றியது. நகரத்தைக் காப்பது துடுப்பு என்று ஆனதும், சபையில் துடுப்புக்காரனின் சொல்லுக்கு எடை கூடியது. வசதியுள்ளவர்களுக்குப் பிடிக்காத எடை அது. பிளேட்டோகூட சலாமிஸைவிட மாரத்தானையும் பிளாட்டியாவையும்தான் உயர்த்திப் பேசுகிறார்.

அந்தத் துடுப்புக்காரர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. சலாமிஸில் பேர் வாங்கியவர்கள் என்று ஹெரோடோட்டஸ் சொல்பவர்கள் பல்லீனி ஊர் அமெய்னியஸ், ஏஜினாவின் பாலிகிரிட்டஸ் போன்ற கப்பல் தலைவர்கள். வலித்தவர்கள் பெயர் ஒன்றும் அதில் இல்லை.

சலாமிஸுக்குச் சில தலைமுறைகள் பிந்திய ஒரு கல்வெட்டு ஏதென்ஸில் கிடைத்திருக்கிறது. சில டிரைரீம்களின் ஆட்களை அது வரிசையாகப் பட்டியலிடுகிறது: முதலில் தலைவர்கள், வீரர்கள், பின்னர் குடிமக்கள், வேற்றூர்க்காரர்கள், கடைசியில் எசமானர் பெயரோடு அடிமைகள். அந்தக் காலத்துக்குள் அடிமைகளும் துடுப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. முன்னால் சொன்ன பதிலை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள். உடைந்த கல்தான். ஆனால் அதில் பெயர்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு அதன் படத்தைக் கொண்டுவருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.